டிஷ் மாட்டப் போன வீடுகள்

டிஷ் மாட்டுகிறவன் பிழைப்பு இதுதான்: வீட்டார் எல்லோரும் கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், அவன் மட்டும் கூரை மேல் வெயிலில் நின்று "படம் தெரியுதா?" என்று கத்திக்கொண்டிருப்பான். மனைவி இறந்த பிறகு பொன்னேரியில் ஒரு ரூம் எடுத்து, ஏழு வருஷமாகப் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இந்த வேலை பார்க்கிறேன். உப்புக் காற்றில் போல்ட் எல்லாம் சீக்கிரமே துருப்பிடித்துவிடும் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. பேச்சுத் துணைக்குத்தான் பஞ்சம். டூல்ஸ் பையோடு ஊர் ஊராகப் போய், யார் வீட்டிலோ ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பதில் சொல்லாத பெண்

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். கணவன் கடலுக்குப் போயிருந்தான். கூரை மேல் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப, கையிலிருந்த மீட்டர் சிக்னல் கிடைத்துவிட்டதென்று கூவிவிட்டது. கீழே படம் உடையாமல் வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நட்டை முறுக்கிவிட்டு இறங்கிவிடலாம். "தெரியுதாம்மா?" என்றேன். சத்தமே இல்லை. கையை எடுத்தால் டிஷ் அசைந்துவிடும். கால்மணி நேரம் அதைக் கட்டிப்பிடித்தபடி கத்தினேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கோபத்தில் விட்டுவிட்டு இறங்கினேன். டிவியில் வெறும் நீலத் திரை. அதற்கு எதிரே அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "எங்க ஊர் கடக்கரைய காட்டுனாங்கண்ணே, நாகப்பட்டினத்துல. வந்துருச்சுன்னு சொன்னா நீங்க எறங்கி வந்து சேனலை மாத்திருவீங்களோன்னுதான் வாயைத் தொறக்கல."

பக்கத்து வீட்டுக்குள் விழுந்தது

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நடக்கும்போது ஆணி அடித்திருக்கும் வரிசையில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். அதற்குக் கீழேதான் கட்டை இருக்கும். புதிதாக வருகிற எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அன்றைக்கு என் மனைவியின் நினைவு நாள். காலையில் அவள் படத்துக்குப் பூ வாங்கவே மறந்துவிட்டேன் என்பது ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த அடி எங்கே வைத்தேன் என்று தெரியாது. கூரையோடு சமையற்கட்டில் கிடந்தேன். அதுவும் டிஷ் கேட்ட வீடு இல்லை, கூரையோடு கூரை ஒட்டியிருந்த பக்கத்து வீடு.

சோற்றுப் பானை உருண்டு போயிருந்தது. என் இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வீட்டுக்காரர் ஏழுமலை, ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர், ஈர வேட்டியோடு ஓடி வந்தார். வந்தவர் கூரையைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கூட இருக்கறது யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ஏழுமலை, "நான்தாம்மா. இவரு எங்க அண்ணன், எழுதிக்கோ" என்றார். அப்போது அவருக்கு என் பேர்கூடத் தெரியாது.

மூன்று நாள் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்தார். அவர் சம்சாரம் பஸ் ஏறி வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போகும். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. "உன் கூரையை உடைச்சேன், உன் சோத்தைக் கொட்டினேன், நீ போய் உன் பொழப்பப் பாருப்பா" என்றேன். ஏழுமலை டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வாசல் வழியா வந்தவன்னா வந்த மாதிரி போவலாம். நீ கூரைய ஒடச்சிக்கினு வந்த ஆளு. நாங்களா பாத்து அனுப்பறப்பதான் போவணும்."

சத்தம் போதும்

அந்தோணி என்று ஒரு பெரியவர். தனி ஆள். டிவியில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார். ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, சரிசெய்தேன். சத்தம் வந்தது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. "படம் வரலையே, டிவியைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கட்டுமா?" என்றேன். அது போய் ரொம்ப நாளாச்சு, அப்படியே இருக்கட்டும் என்று கையை ஆட்டினார்.

ரூமை விட்டுக் கிளம்பும்போது நானும் ஃபேனை நிறுத்தாமல் வருகிறவன்தான். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர் கூச்சப்படாமல் சொல்லிவிட்டார்: "ஏரிக்குப் போறப்ப போட்டுட்டுப் போவேன் நைனா. திரும்பி வந்து கதவத் தொறந்தா உள்ள யாராச்சும் பேசிக்கினு இருக்கணும், அவ்ளோதான்."

ரிப்பேர் இல்லாத போன்

புயல் அடித்து ஓய்ந்த காலையில் என் போன் அடங்காது. ஊரில் இருக்கிற டிஷ் எல்லாம் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும், எல்லாரும் முதலில் தன் வீட்டுக்கு வரச் சொல்வார்கள். போன மழைக்கு அப்படி வரிசையாகப் பேசி முடித்துக் கிளம்பும்போது ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். குரல் பிடிபடவில்லை. "படம் வரலையாம்மா?" என்றேன். "வருதே" என்றார். "சவுண்டு?" அதுவும் வருகிறதாம். பின்னே இன்னாதான் பிராப்ளம் என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். இடி இடிக்கும்போது கூரை ஏறப் போனவனை, வூட்ல தேட மாட்டாங்களா என்று தடுத்தாராம். நான் ஏதோ பதில் சொன்னேனாம். எனக்கு அந்த வீடே ஞாபகமில்லை. அந்த அம்மாவுக்கு நான் சொன்னது அப்படியே இருந்தது. "தேட யாருமில்லனு அன்னிக்கு நீதானே சொன்ன? காத்து இந்த அடி அடிச்சிதே, அதான் நான் தேடுனேன்."

நான் தனி ஆள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை ஒழுங்காக ஒரு மூலையில் உட்கார்ந்து அனுபவிக்கத்தான் இந்த ஏரிக்கரைக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.