செண்பகவல்லி சுற்றிய துணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றின் காலைகள் செண்பகவல்லிக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. அவள் கணவர் வானமாமலை பம்பாயில், குர்லா பட்டறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட வருஷம் அது. எலும்பு கூடி மாதங்கள் ஆகியும் கை தீயாய் எரிந்தது. விசிறிக் காற்றுகூடத் தாங்காது. ஆனாலும் தாராவியிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் பழைய சேலைத் துணியைச் சுற்றச் சொல்லுவார். அவள் சுற்றச் சுற்றப் பல்லைக் கடிப்பார்.

“தொட்டாலே உயிர் போவுதுன்னு சொல்லுதிய. எலும்புதான் கூடிட்டுல்லா, பெறவு எதுக்குத் துணி?” என்று ஒருநாள் வெடுக்கென்று கேட்டாள்.

“ஏட்டி, வலி எவன் கண்ணுக்குத் தெரியும்? துணியப் பாத்தாத்தான் ரயில்ல இடிக்காம ஒதுங்குதான்.”

இப்போது அவர் இல்லை. கையில் கட்டோடு யார் ரயிலேறினாலும் செண்பகவல்லி எழுந்து இடம் விடுகிறாள். கட்டு இல்லாத கைகளையும் ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்கிறாள்.