பேத்தி பெயருக்கு நான் ஓட்டுக் கேட்ட கதை

சங்கரன்கோவில் நகராட்சித் தேர்தல் வந்தால் ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டுக் கேட்பது என் தொழில். நான் ஓட்டுக் கேட்ட ஆள் ஒருவர்கூட இதுவரை கவுன்சிலர் ஆனதில்லை. இருந்தும் கூப்பிடுகிறார்கள். எதிராளிகளே கூப்பிடச் சொல்லியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தத் தடவை தேர்தலுக்கு முன்னால், எங்கள் வார்டில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு புது ஓட்டு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு மட்டும் குத்தாமல், எல்லோருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட வேண்டும். எங்கள் தெருப் பெண் பெனிட்டா விளக்கினாள்.

"மொத இடம் ரொம்பக் கம்மியா வாங்குனவங்கள விலக்கிருவோம் தாத்தா. அவங்களுக்குப் போட்ட சீட்டுல ரெண்டாவதா யாரு இருக்காவளோ, அந்த ஓட்டு அவங்களுக்குப் போயிரும்."

பேத்தி பிறந்த புதுசு. 'தாத்தா' என்ற சொல்லிலேயே சொக்கிப்போனேன். மற்றதில், இரண்டாவது பெயருக்கு ஓட்டுப் போகும் என்பது மட்டும்தான் காதில் ஏறியது.

வீட்டில் அப்போது பேத்தியின் பெயருக்குச் சண்டை. எனக்கு என் அம்மா பெயர் கோமதிதான் வேண்டும். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் சம்பந்தி ஆறுமுகச்சாமி, தன் அம்மா பெயர் வள்ளித்தாய் என்று நின்றார். மகள் பொன்செல்விக்கும் மருமகன் லிங்கேஷுக்கும் ஆத்விகா.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தபோது, "சண்ட எதுக்கு? பெனிட்டா முறையில ஓட்டு வைப்போம்" என்றேன். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக ஓரங்கட்டினேன்.

"மாப்ள, மொத இடம் ஒங்க இஷ்டம். ரெண்டாவது மட்டும் கோமதிக்குப் போட்டுருங்க."

"அதுக்கென்ன மாமா, போட்டாப் போச்சு."

மகளும் சரி என்றாள். சம்பந்தியும் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. மனைவி தேன்மொழியிடம் கேட்கவே இல்லை. வீட்டு ஓட்டு எங்கே போகும்?

என் சீட்டில் கோமதிக்கு ஒன்று போட்டேன். சம்பந்தி ஜெயித்துவிடக் கூடாது என்று வள்ளித்தாயைக் கடைசிக்குத் தள்ளி, ஆத்விகாவுக்கு இரண்டு போட்டேன்.

பெனிட்டா வந்து எண்ணினாள். முதலிடத்தில் ஆத்விகாவுக்கு இரண்டு ஓட்டு, வள்ளித்தாய்க்கு இரண்டு. கோமதிக்கு என் ஓட்டு ஒன்றுதான்.

"ஏட்டி, நீ யாருக்குப் போட்ட?" என்றேன் மனைவியிடம்.

"வள்ளித்தாயிக்கு. நம்ம புள்ள வாழுத வீடுல்லா? ஒங்களுக்கு ரெண்டாவது போட்டிருக்கேன்" என்றாள் தேன்மொழி.

"எல்லாரும் ரெண்டாவது போட்டிருக்காவ தாத்தா. மொத இடம் இல்லியே, அதனால கோமதி அவுட்டு." பெனிட்டா என் சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். "இதுல ரெண்டாவது ஆத்விகா. ஆத்விகா ஜெயிச்சாச்சு!"

சம்பந்தி சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஏன் வே, எங்கம்மாவக் கடைசில தள்ளிட்டீராக்கும்? இப்பம் ரெண்டு பேரு அம்மாவும் போயாச்சு. திருப்திதானா?"

தண்டனையாக, பெயர் வைக்கும் அன்று பிள்ளை காதில் மூன்று தடவை ஆத்விகா என்று என்னையே சொல்லவைத்தார்.

இப்போது, நான் கூப்பிட்டால்தான் என் பேத்தி திரும்புகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யார் கூப்பிட்டாலும் திரும்புகிறாள் என்கிறாள் தேன்மொழி.