மூன்றாம் ஓலை வாசிக்கும்போது

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் ஜெபிக்கவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் — எழுந்திருப்பதா, வேண்டாமா?

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் (எங்கள் பேச்சில் ஐயர்) அறிவிப்பார். யாரும் சொல்வதில்லை. நானும் இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் கொட்டாவிதான் விட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை மாப்பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரி நோயாளி. ஞானமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிஜப் பெயர் கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.) கொழும்புத் துறைமுகத்தில் வேலை. ஊருக்கு வரும்போது மேகநோயோடு, உடலுறவில் தொற்றும் அந்தச் சீக்கோடு, வந்தான்.

வாரம் ஒரு ஊசி. ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை போட வேண்டும். அதுவரை யாரோடும் சேரக் கூடாது. கம்பவுண்டர் நான்தான் சீட்டு எழுதினேன். மூன்றாவது ஊசிக்கு ஆளைக் காணோம். டாக்டர் ஆள் அனுப்பியும் வரவில்லை.

பிறகு முதல் ஓலையில் அவன் பெயரைக் கேட்டேன்... அருமனை ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயரோடு. ஆராதனை முடிந்ததும் வாசலில் மறித்தேன்.

"என்ன மக்கா, ஊசிக்கு வரல்லியே?"

"புண்ணு காஞ்சு போச்சில்லா. இனி எதுக்கு?"

"புண்ணுதான் காஞ்சிருக்கு. சீக்கு ரெத்தத்துல கெடக்கு."

"கல்யாணம் கழிஞ்சா தன்னால சரியாவும்னு கூட வேல பாக்கவன் சொன்னான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்குச் சரியாவாது. அவளுக்கும் வரும். பொறக்கப் போற பிள்ளைக்கும் வரும். மூணாம் ஓலைக்கு முன்ன நீயே தள்ளி வை."

"இல்லேன்னா?"

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. நியாயம்தான். நான் ஒருவனைக் காட்டிக்கொடுத்தால் நாளைக்கு வேறு எவன் நம்பி வருவான்? எல்லோரும் சந்தை லேகியத்துக்கு ஓடுவார்கள். ஆனால் அந்தப் பெண்? இரண்டாம் ஓலையும் போனது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் ஓலை. பாதிரியார் வாசித்து நிறுத்தினார். முன்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. எழுந்தது ஞானமுத்து.

"ஐயரே, எனக்கு ஒரு சீக்கு உண்டு. அது மாறின பொறவு கல்யாணம் போதும்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே வாசலில் நின்றான். அவனை எனக்கு அன்று ரொம்பப் பிடித்தது. செவ்வாய்க்கிழமை பெண்ணின் அப்பா வந்து, என்ன சீக்கு என்று என்னைக் கேட்டார். அவனிடமே கேளுங்கள், சொல்லுவான் என்றேன். பாவம், மாப்பிள்ளைக்கு எத்தனை தென்னை என்று பல தடவை விசாரித்தவர்; உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் மட்டும் கேட்கிறோமா என்ன?

அவன் எழுந்திருக்காவிட்டால் நான் எழுந்திருப்பேனா? தெரியவில்லை. ஒன்று தெரியும் — அது என் மகளாக இருந்திருந்தால், முதல் ஓலையிலேயே எழுந்திருப்பேன்.