உள்விளிம்பு

ஆஸ்பத்திரியில் என் வேலை கோடு போடுவது. நோயாளியின் முதுகுத்தண்டில் ஊசி ஏற்றி, அதன் வழியாகக் காற்றைச் செலுத்தித் தலையை எக்ஸ்ரே எடுப்பார்கள். மூளைக்குள் இருக்கும் குழிகளில் காற்று நிரம்பி, படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பைச் சுற்றிக் கட்டம் போட்ட தாளில் கோடிழுத்து, கோட்டின் புள்ளிகளை எண்களாக்கி, அட்டைகளில் துளையிட்டு அனுப்புவேன். ஊரின் தென்கோடியில் ஒரு கல்லூரியில் இருந்த கம்ப்யூட்டர் குழியின் பரப்பைக் கணக்கிட்டுச் சொல்லும். அடிபட்ட தலையில் குழி ஓர் அளவைத் தாண்டியிருந்தால் மூளை சுருங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தலையை டாக்டர் திறக்கமாட்டார், திறந்தால் தாங்காது.

கறுப்பு தேய்ந்து சாம்பல் நிறமாகும் இடத்தில்தான் சிக்கல். அங்கே வெளிவிளிம்பில்தான் பென்சில் போகவேண்டும் என்பது விதி. என் கோட்டை யாரும் திருத்தியதில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

நைனாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. கிரேனில் ஆடிய மூட்டைக்கட்டு தலையில் மோதியது. மூன்றே மாதத்தில் என் பெயர் அவருக்கு மறந்துபோனது. வேட்டியிலேயே சிறுநீர் போனார். காத்து கறுப்பு அடித்துவிட்டது என்றது தெரு. படம் எடுக்கவேண்டும் என்று நான் சொன்னதும் அம்மா எகிறினாள்.

“காத்து அட்ச்சித்தான் இப்டி குந்திகினு கீறாரு. நீ இன்னும் காத்த ஏத்துவியா? இதுக்கா உன்ன படிக்க வச்சேன்?”

நைனாவுக்கு அன்று கொஞ்சம் தெளிவு. “வுடுமே. டியூப்ல காத்து அட்ச்சாத்தான சைக்கிள் ஓடும்” என்றார்.

படம் எடுத்தபின் இரண்டு நாள் தலைவலியில் வாந்தியெடுத்தார். மூன்றாம் நாள் படம் என் மேசைக்கு வந்தது. படங்களில் பெயர் இருக்காது, எண்தான். அந்த எண் எனக்குத் தெரியும். கறுப்பு பெரிதாக இருந்ததும் தெரிந்தது.

நான் உள்விளிம்பில் போனேன். சுற்றிலும் ஒரு மயிரிழைதான் உள்ளே.

அளவுக்குள் இருக்கிறது என்று கல்லூரியிலிருந்து தாள் வந்தது. டாக்டர் நாள் குறித்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நைனா கண் திறக்கவே இல்லை. பதினோராம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது டாக்டர் அந்தப் படத்தின்மேல் நான் கோடிழுத்த தாளை வைத்து வெளிச்சத்தில் பிடித்திருந்தார். புதுத் தாளை என் பக்கம் தள்ளினார். வெளிவிளிம்பில் வரைந்தேன். இந்த முறை வந்த எண் அளவைத் தாண்டியிருந்தது.

வீட்டில் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “நீ இன்னாம்மா பண்ணுவே? அந்த மிசினு தப்பா சொல்லிச்சி.”

ஆமாம் என்றேன்.