குடவாசலில் என் தங்கை பேசிய நாள்

காலை ஆறரை மணிக்குக் கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து நான் வந்த காரியம் ஒன்றுதான்: என் தங்கை கமலத்தையும் அவள் மகளையும் கையோடு அழைத்துப் போவது. கமலத்தின் கணவர் பாம்பு கடித்து இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் குத்தகைக்கு உழுத இரண்டு ஏக்கரை விட்டுவிடும்படி நிலக்காரரின் காரியஸ்தர் நெருக்குவதாக எழுதியிருந்தாள்.

ஏழேகாலுக்குக் குடவாசல் பஸ். பன்னிரண்டு மைல், டிக்கெட் அறுபது பைசா. சாலையின் இருபுறமும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் வயலை ஒட்டிப் போலீஸ் வேன் நின்றது. கண்டக்டரிடம் விசாரித்தேன்.

"குத்தகைத் தகராறுங்க. குத்தகைப் பதிவேட்டுல உழுறவங்க பேர் ஏறிட்டா லேசுல வெளியேத்த முடியாதுல்ல, அதான் அதுக்கு முன்னாடியே வெரட்டப் பாக்குறாங்க," என்றார்.

திரும்பித் திரும்பி அந்த வேனையே பார்த்துக்கொண்டு போனேன்.

எட்டேகாலுக்கு இறங்கினேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கமலம் நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். கூடவே அஞ்சலை, அவள் வயலில் நடவு நடுகிறவள். பதினோரு மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் தன் குத்தகை பற்றி விசாரணை என்று கமலம் சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்காக நான் பேசுவதாகச் சொன்னேன். சிறுவயதில் வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் அவள்.

"வேணாம்ண்ணே. சாகுபடி பண்ணது நான். நானே பேசுறேன்."

விசாரணையில் காரியஸ்தர் முதலில் பேசினார். கணவரோடு குத்தகை முடிந்துவிட்டது, பிறகு பயிர் வைத்ததெல்லாம் தங்கள் ஆட்கள்தான் என்றார். அதிகாரி கமலத்தைப் பார்த்தார். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்துவிடப் பார்த்தேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"மொத வருஷம் எனக்கு நாத்தப் பறிச்சு முடியாக் கட்டக்கூடத் தெரியாதுங்க. தப்புத்தப்பா செஞ்சுதான் கத்துக்கிட்டேன்."

பிறகு நிற்கவில்லை. ஐப்பசி மழையில் நட்டதெல்லாம் அழுகிப்போனது, பக்கத்து ஊர்களில் மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கி மறுபடி நட்டது, எந்த மடை என்று திறந்தது, எந்த வரப்பு உடைந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. கடிதங்களில் எப்போதும் சௌக்கியம் என்றே எழுதியிருந்தாள்.

அஞ்சலை சாட்சி சொன்னாள். நிலக்காரரின் மற்ற வயல்களிலும் கூலிக்குப் போகிறவள் அவள்; காரியஸ்தர் முறைத்துக்கொண்டே இருந்தார். "கூப்பிட்டு வேலை குடுத்தது இந்த அம்மாதாங்க. எங்களோட சேத்துல எறங்கி நட்டதும் இவங்கதான்," என்றாள்.

பன்னிரண்டரைக்குக் கமலத்தின் பெயரைப் பதிவு செய்ய உத்தரவாயிற்று. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். அஞ்சலை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போவலண்ணே. பயந்துக்கிட்டே பேசலாம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

சென்னைக்கு வரச் சொல்லி நான் அதற்குமேல் பேச்செடுக்கவில்லை.

நாலு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். அலுவலகத்தில் மேலதிகாரி குரலை உயர்த்தினால் மறுநாளே லீவு போடுகிறவன் நான். இவளைக் காப்பாற்ற வந்தேன் என்பதை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாகவும் வெகு நிம்மதியாகவும் இருந்தது. ஜன்னலில் தலை சாய்த்ததுதான் தெரியும். கும்பகோணத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து எழுப்பினார்.