உப்பேரியில் ஒரு வெண்தலை வாத்து

மருந்துக்கடை ரௌஷானுக்கு ஊரை ஒட்டிய இரண்டு ஏரிகளும்தான் உயிர். கடை வாசலில் யாராவது இருமிக்கொண்டு காத்திருப்பார்கள். இவள் நாணலுக்குள் தொலைநோக்கியும் கையுமாக நிற்பாள்.

வாத்து வேட்டை நாளை தொடங்குகிறது. உப்பேரியில் வெண்தலை வாத்து இருப்பது உறுதியானால் அங்கே துப்பாக்கி நுழைய முடியாது. அரிய பறவை, சட்டம் அப்படி. முந்தாநாள் அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். ஆனால் ஒற்றை ஆள் சொன்னால் செல்லாது, இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று ஏரிக் காவலர் சொல்லிவிட்டார். புருஷன் குறட்டையை விட்டு எழுவதாக இல்லை. கொழுந்தன் கெஞ்செபெக்கைத்தான் எழுப்பினாள். அவன் வேட்டைக்காரன்; ஆனால் ஜீப் அவனிடம்தானே இருக்கிறது!

புகுந்த வீட்டு ஆண்களை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கசாக்கியரிடம் இல்லை. அவளுக்கு அவன் சின்னத்துரை.

"ஆட்டுக்குச் சாட்சி சொல்லக் கசாப்புக்காரனைக் கூட்டிட்டுப் போறீங்களே அண்ணி!"

"வாயை மூடிட்டு வண்டிய ஓட்டு, சின்னத்துரை."

முதல் ஏரியில் உள்ளான் குருவிகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. அவள் நிற்கவில்லை. உப்பேரிக் கரையில் படுத்துக்கொண்டு வெகுநேரம் தேடினாள். பழுப்பு உடல், கருந்தொப்பி, வெளுத்த கன்னம். அதோ அதேதான்! வாத்து மெல்லத் திரும்பியது. அலகு சிவப்பு.

ரௌஷான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெண்தலை வாத்துக்கு அலகு சிவப்பாக இருக்காது. இது செங்கொண்டை வாத்து, அதிலும் ஆண். கோடை முடிவில் பகட்டு இறகையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போல நிற்கும். பறவை பார்க்கிறவர்கள் ஏமாறுவதே இந்த மாதத்தில்தான். ஆசை அவள் கண்ணை மறைத்துவிட்டது.

"இது அது இல்ல," என்றாள்.

கெஞ்செபெக் அவள் முகத்தைப் பார்த்தான். "அதனால என்ன? நானும் பாத்தேன்னு சொல்லிடறேன். எனக்கு எல்லா வாத்தும் ஒண்ணுதான்."

"பொய் சொன்னா, நாளைக்கு நெசமாவே அது வந்து நிக்கிறப்ப என்னை எவன் நம்புவான்?"

காவலருக்கு அங்கிருந்தே போன் செய்து, தப்பாகப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். பேசும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. வைத்த பிறகு அழுதாள்.

அவன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை.

"சின்னத்துரை, வேட்டைக்காரன்கிட்ட வழியில யாராவது பங்கு கேட்டா என்ன செய்வீங்க?"

"கொடுத்துடுவோம், அது நம்ம வழக்கம். இல்லேன்னு சொன்னா அசிங்கம். ஏன்?"

"என் பங்கைக் கொடு. இந்த ஏரியில நீ சுடப்போறது மொத்தமும் எனக்கு வேணும்."

"அது திரும்பி வர்றப்ப கேக்கறது அண்ணி. போறப்பவே யாராச்சும் கேப்பாங்களா?"

"திரும்பி வர்றப்ப எல்லாம் செத்துல்ல கிடக்கும்," என்றாள் ரௌஷான்.