கல்லில் வெட்டிய கிர்செல் மேர்

கிர்செல் மேர் பிறந்தபோதும் மேர், ஜார்ஜ் ஸ்லேட்டரைக் கட்டிக்கொண்ட பிறகும் மேர். ஸ்காட்லாந்தின் இந்த வடக்குக் கரையில் எந்த மீனவப் பெண்ணும் கட்டினவனுக்காக அப்பன் வீட்டுப் பெயரைக் கழற்றி வைத்ததில்லை. ஸ்லேட்டர் என்று ஒருத்தி இருந்தால் அவள் அந்த வீட்டில் பிறந்தவள். இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே கிடையாது.

ஒரு மார்ச் மாதப் புயலில் ஜார்ஜ் படகோடு போனான். உடம்பு கிடைக்கவில்லை. பேருக்கு ஒரு கல்லறைக் கல் நட வசதியுமில்லை. கிர்செல் ஹெர்ரிங் மீனைக் குடல் எடுத்து, உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்கும் வேலைக்குப் போய், ஒரே மகன் ஆண்ட்ருவைப் படிக்க வைத்தாள். அவன் லண்டனில் கணக்கெழுதப் போனான். அங்கேயே ஓர் ஆங்கிலேயப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான்.

அப்புறம் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. ஓட்ஸ் கஞ்சி தினமும் மிஞ்சியது. தனிமை பழகிவிடும் என்பார்கள். மண்ணாங்கட்டி! அவளுக்குக் கடைசிவரை பழகவே இல்லை. ஒரே ஓர் ஆசைதான் அவளைப் பிடித்து வைத்திருந்தது. உடம்புதான் சேர்ந்து கிடக்காது. பேராவது ஒரு கல்லில் ஜார்ஜ் பேருக்குக் கீழே கிடக்கவேண்டும், இவள்தான் அவன் பெண்டாட்டி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

ஆண்ட்ரு பணம் அனுப்பிக் கோயில் கல்லறை மேட்டில் கல்லை நடவைத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கிர்செல் ஓட்டமாகப் போய்ப் பார்த்தாள். மேலே 'ஜார்ஜ் ஸ்லேட்டர்', கீழே 'கிர்செல் ஸ்லேட்டர்'.

பின்னாலேயே வந்த பெல் ரீத், பீப்பாய் வேலையில் அவளுக்குக் கூட்டாளி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப் பாவி! நீ எப்போ ஜார்ஜுக்குத் தங்கச்சி ஆனே? கூடப் பொறந்தவனையா கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிர்செல்லும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பெற்ற பிள்ளையே தன்னை ஜார்ஜிடமிருந்து பிரித்துவிட்டானே என்று அழுது தீர்த்தாள்.

மறுநாள் கல்தச்சன் ரியாக்கிடம் போனாள்.

"உங்க பையன் எழுதினதத்தாம்மா நான் வெட்டினேன். அழிக்கணும்னா அந்த எடத்த இன்னும் ஆழமாக் கொத்தணும். கல்லுல பள்ளம் விழும், அசிங்கமா இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். நீ கொத்து."

அந்த மீன் பருவத்துக் கூலி முழுக்க அதற்கே போயிற்று. பள்ளத்துக்குள், 'அவன் மனைவி கிர்செல் மேர்' என்று புது எழுத்து உட்கார்ந்தது.

கோடையில் ஆண்ட்ரு வந்தான். கல்லைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? எங்க ஊர்ல பொண்டாட்டிக்குப் புருஷன் பேருதான். இதப் பாத்தா நீங்க முறையாக் கல்யாணம் பண்ணிக்கலையோன்னு நெனைப்பாங்க."

"எங்க ஊராம்ல, எங்க ஊரு! எந்த லண்டன்காரன்டா இங்க வந்து படிக்கப்போறான்? கல்லு வெச்ச நீயே இப்பத்தான் எட்டிப் பாக்கறே."

"மரியாதையா இருக்கட்டுமேன்னுதான் செஞ்சேன்மா."

"தெரியும்டா." கிர்செல் கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "உலகம் முடியற கடைசி நாள்ல கடல் தான் விழுங்குனவங்களத் திருப்பிக் குடுக்கும்னு பாதிரியார் சொல்றாரு. உங்கப்பா சொட்டச் சொட்ட நனைஞ்சு இந்த மேட்டுல ஏறி வருவாரு. என்னைத்தான் தேடுவாரு. கிர்செல் ஸ்லேட்டர்னு ஒருத்திய அவருக்குத் தெரியாதுடா. யாரோன்னு தாண்டிப் போயிட்டாருன்னா, அங்கயும் நான் தனியாவா கெடக்கணும்?"

ஆண்ட்ரு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாலை ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளே சொல்லி அனுப்பிவைத்தாள்.